தீவகத்தின் பழைய பியானோவும் ஆர்மோனியமும்: வயதும் பெறுமதியும் நிலையும் அறிவது எப்படி?

ஒரு பழைய பியானோ எந்த ஆண்டில் செய்யப்பட்டது? இன்று விற்றால் என்ன பெறும்? இனி வாசிக்க உதவுமா? இம்மூன்றையும் மக்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இவற்றுக்கு விடை சொல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் இலக்கத்தைக் காட்டினார். சுருதி சேர்ப்பவர் முறுக்காணியைத் தட்டிப் பார்த்தார். வியாபாரி பெயர்ப்பலகையைப் படித்தார். பின்னாளில் அருங்காட்சியகத்தார் மரத்தின் வளையங்களை எண்ணினார்கள். ஒருவர் விடை மற்றவர் விடையோடு ஒத்துப்போவது அரிது.

யாழ்ப்பாணத் தீவகத்தில், காரைநகரிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும், இக்கேள்வி வேறு வடிவில் எழுகிறது. இங்கே பியானோ அரிய பொருள். தேவாலயத்தின் கால் ஓர்கன், பாடசாலைக் களஞ்சியத்தில் கிடக்கும் துருத்திப் பெட்டி, இசை நாடகக்காரர் வீட்டுக் கையார்மோனியம் ஆகியவையே எண்ணிக்கையில் மிகுதி. தாய் வீட்டைத் திறந்து பார்க்க வரும் புலம்பெயர்ந்த பிள்ளைகளும், கட்டடத்தைப் புதுப்பிக்கும் தேவாலய நிர்வாகத்தினரும் இவற்றை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பியானோவுக்காக உருவான முறைகளில் எவை இவற்றுக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வந்த வழிகள்

வாத்தியம் எந்த வழியால் வந்தது என்பது அதன் வயதைத் தேடும் எல்லையைச் சுருக்கும். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை மூன்று வழிகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது மிஷன் வழி. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர். வட்டுக்கோட்டைக்கு அது அயல். அந்தக் காலத்தில் காரைதீவு எனப்பட்ட இவ்வூரிலும் மிஷன் பணி நடந்தது. மிஷனின் தலைமையகம் பொஸ்ரன் நகரில் இருந்தது. அதே நகரில்தான் 1854இல் மேசன் அன் ஹம்லின் என்ற ஓர்கன் தயாரிப்பாளர் தொழில் தொடங்கினர். வேர்மொன்ட் மாநிலத்தின் பிரற்றில்போரோவில் எஸ்ரி நிறுவனம் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ரீட் (பித்தளை நாக்கு) ஓர்கன்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. 1880 முதல் 1886 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மேரி லீச், மார்கரெட் லீச் சகோதரிகளும் வேர்மொன்ட்காரரே. ஆகவே இங்குள்ள பழைய கால் ஓர்கன் அமெரிக்காவில் செய்யப்பட்டது என்று ஊகிப்பதற்கு இடமுண்டு. ஆனால் ஊரும் மாநிலமும் ஒத்துவருவதைச் சான்றாகக் கொள்ள முடியாது. கால் ஓர்கனைக் கண்டவுடனே “மிஷன் காலத்தது” என்று சொல்லிவிடும் பழக்கம் இந்த இடத்தில்தான் பிழையாகிறது.

இந்த ஊகத்தைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. அமெரிக்க ஓர்கனின் துருத்தி காற்றை உள்ளே இழுக்கும். 1840களில் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியமும் அதன் வழிவந்த ஐரோப்பிய வாத்தியங்களும் காற்றை வெளியே தள்ளும். துருத்தியைத் திறந்து அடைப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால், அமெரிக்க மரபா ஐரோப்பிய மரபா என்பது பெரும்பாலும் துலங்கிவிடும்.

இரண்டாவது கத்தோலிக்க வழி. அமலமரித் தியாகிகள் சபையினர் 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்தனர். ஊர்காவற்றுறை போன்ற கரையூர்களில் பாடற்குழுவுக்குத் துணையாக ஆர்மோனியம் நிலைபெற்றது. மூன்றாவது நாடக வழி. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் குழுக்களோடு ஆர்மோனியமும் வந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியபின் போக்குவரத்து இலகுவாயிற்று. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875இல் தொடங்கிய துவார்கின் நிறுவனம் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி போடும் வடிவத்தைப் பரப்பியது. நடிகர் வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் போன்ற இசை நாடகங்களில் நாம் அறிந்த ஆர்மோனியம் இந்த வடிவத்தின் மரபில் வந்ததுதான்.

இலக்கம் தரும் விடை

வயதறிய மிகப் பரவலாகச் சொல்லப்படும் வழி தொடரிலக்கத்தைப் படிப்பது. மேல்மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்திலோ முறுக்காணிப் பலகையிலோ அச்சிட்ட எண் தெரியும். சிலவற்றில் இடப்பக்கத்து முதற் கட்டையை வெளியே எடுத்து அதன் பக்கவாட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ‘பியர்ஸ் பியானோ அட்லஸ்’ இத்தகைய பட்டியல்களைத் திரட்டித் தரும் நூல். இதன் முதல் வடிவம் 1947இல் வெளிவந்தது. இன்றும் திருத்துநர்களின் கைநூலாக இருக்கிறது. ஸ்ரெயின்வே, பெக்ஸ்ரைன், புளூத்னர் மூன்று நிறுவனங்களும் 1853இல் தொடங்கியவை. அவற்றின் இலக்கங்கள் ஒழுங்கானவை; ஓரிரு ஆண்டு வேறுபாட்டுக்குள் விடை கிடைத்துவிடும்.

சிறிய தயாரிப்பாளர்களிடம் வரும்போது இந்த முறை தளர்கிறது. புகழ்பெற்ற புரோட்வுட் நிறுவனமே சதுரப் பியானோவுக்கும் பெரிய பியானோவுக்கும் நிமிர் பியானோவுக்கும் தனித்தனி எண் வரிசைகளை வைத்திருந்தது. வடிவத்தைப் பாராமல் எண்ணை மட்டும் தேடினால் பல பத்தாண்டுகள் பிழையாகும். தொழிலைப் பெரிதாகக் காட்டுவதற்காக நடுவில் எண்களைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். கட்டைகளுக்கும் சுத்தியல்களுக்குமான பொறியைத் தனி நிறுவனங்கள் செய்து விற்றதால், பொறியில் உள்ள எண்ணைப் பியானோவின் எண்ணாகக் கொள்ளும் தவறும் அடிக்கடி நேர்கிறது. பெயர்ப்பலகையில் கொழும்பு, சென்னை, பம்பாய் வியாபாரி ஒருவரின் பெயர் மட்டுமே இருக்குமானால் பட்டியலில் தேட ஒன்றுமில்லை. யாரோ செய்த வாத்தியத்துக்குத் தன் பெயரை இடுவித்து விற்பது அக்கால வழக்கம்.

கையார்மோனியத்துக்கு இந்த வழி ஏறத்தாழ உதவாது. பெரும்பாலானவை எண்ணற்ற பட்டறைகளில் செய்யப்பட்டவை. அவற்றில் எண் இருந்தாலும் அதை ஆண்டோடு இணைக்கும் பதிவு இல்லை.

இதைவிட அடிப்படையான குறை இன்னொன்று. இலக்கம் சொல்வது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய ஆண்டை. இலண்டனில் 1890இல் செய்த பியானோ 1930இல் கொழும்பில் ஏலத்துக்கு வந்து, 1950இல் தீவகத்தை அடைந்திருக்கலாம். தொழிற்சாலைக்கு அது 1890இன் பியானோ. ஊருக்கு 1950இன் பியானோ. குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆண்டை. பட்டியல்கள் அதற்கு விடை தருவதில்லை.

உடலில் உள்ள சான்றுகள்

இலக்கம் கைவிடும் இடத்தில் வாத்தியத்தின் உடலைப் படிக்க வேண்டும். இந்த முறையை வளர்த்தவர்கள் அருங்காட்சியகத்தாரும் அனுபவமுள்ள திருத்துநர்களும். இது ஆண்டை நேரடியாகச் சொல்லாது. “இதற்கு முன் அல்ல” என்ற எல்லையைத் தரும்.

பெயர்ப்பலகை இதற்கு நல்ல தொடக்கம். கண்காட்சிப் பதக்கங்கள் பொறிக்கப்பட்டிருந்தால் கடைசிப் பதக்கத்தின் ஆண்டுக்குப் பிறகே பலகை எழுதப்பட்டது. 1851 இலண்டன், 1867, 1878, 1889 பாரிஸ் கண்காட்சிகளின் பதக்கங்களைத் தயாரிப்பாளர்கள் பெருமையோடு காட்டினர். பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகே “ஜேர்மனியில் செய்யப்பட்டது” என்ற குறிப்பு அங்கு விற்கப்பட்ட பொருட்களில் பரவலாயிற்று. இலண்டன் முகவரியில் அஞ்சல் வட்டார எழுத்துகளோடு எண்ணும் சேர்ந்திருந்தால் அந்தச் சீட்டு 1917க்குப் பிந்தியது. சிலோன் என்று எழுதிய வியாபாரி சீட்டு பொதுவாக 1972க்கு முந்தியது. இவ்வாறான சிறு குறிப்புகள், தனித்தனியே பலவீனமானவை ஆயினும், ஒன்றோடொன்று சேரும்போது பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடும்.

கட்டைகளின் மேற்பரப்பைச் சாய்ந்த ஒளியில் பார்ப்பது இன்னொரு சோதனை. யானைத் தந்தமாயின் வெள்ளைக் கட்டை பொதுவாக இரு துண்டுகளால் ஆனது. அகன்ற முன்பகுதியும் கறுப்புக் கட்டைகளுக்கிடையே செல்லும் ஒடுங்கிய பின்பகுதியும் கூடும் இடத்தில் மயிரிழை போன்ற கோடு ஓடும். தந்தத்தின் ரேகை ஒழுங்கற்று வளையும். ஒரு கட்டையின் மஞ்சள் அடுத்ததன் மஞ்சளை ஒத்திராது. 1870ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவான செலுலோயிட் ஒரே துண்டாக இருக்கும். தந்தம்போலத் தோன்ற அதில் இட்ட ரேகைகள் சம இடைவெளியில் நேராக ஓடும். இதிலும் எச்சரிக்கை வேண்டும். கட்டைகளை மாற்றி ஒட்டுவது எளிதாகையால், அவற்றின் வயது பெட்டியின் வயதாக இராது.

உள்ளமைப்பும் எல்லைகளைத் தருகிறது. ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்கு அல்பியஸ் பாப்கொக் பொஸ்ரனில் 1825இல் காப்புரிமை பெற்றார். பெரிய பியானோவில் தந்திகளைக் குறுக்காகக் கட்டும் முறைக்கு ஸ்ரெயின்வே 1859இல் பெற்றது. ஆயினும் இங்கிலாந்தின் மலிவுத் தயாரிப்பாளர்கள் நேர்தந்திப் பியானோக்களை 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் செய்தார்கள். புதிய முறை இருந்தால் அதற்குப் பிந்தியது எனலாம்; பழைய முறை இருப்பதால் பழையது என்று சொல்ல முடியாது. வியாபாரிகளின் கணிப்புகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் வயதைக் கூட்டிவிடுகின்றன.

ஒலிப்பலகையின் மர வளையங்களை எண்ணும் அறிவியல் முறையும் உண்டு. 1716 எனச் சீட்டொட்டிய ‘மெசையா’ ஸ்ராடிவாரி வயலினின் உண்மைத்தன்மை பற்றி எழுந்த விவாதத்தில், 2001இல் ஒரு குழு அதன் பலகையின் கடைசி வளையம் 1687க்குரியது என்று காட்டியது. அதனால் நிறுவப்பட்டதும் “அதற்கு முன் அல்ல” என்பதே. ஒரு ஊர்ப் பியானோவுக்கு இவ்வளவு செலவு செய்ய நியாயமில்லை.

சுருதி ஒரு சான்றாகுமா?

ஆர்மோனிய ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படாத, ஆனால் நம்பிக்கை தரும் வழி இது. சுருதி அளவு உலகெங்கும் ஒன்றாக இருந்ததில்லை. பிரான்ஸ் 1859இல் தா (A) நிலையை விநாடிக்கு 435 அதிர்வாகச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை 452 வரையான உயர்சுருதி வழங்கியது. 1896இல் பில்ஹார்மோனிக் சங்கம் அதை 439க்கு இறக்கியது. 1939இல் இலண்டனில் கூடிய மாநாடு 440ஐப் பரிந்துரைத்தது. 452க்கும் 440க்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அரைச்சுரத்தின் பாதி. நம் பாடகர் கணக்கில் சொன்னால், பழைய ஆங்கிலப் பெட்டியின் 5 கட்டை இன்றைய 5க்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்கும். இன்றைய சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் உரசுவது எவர் காதுக்கும் கேட்கும்.

பியானோவில் இந்தச் சோதனை செல்லாது. தந்தி தளர்ந்துகொண்டே போகும். பல ஆண்டு கைவிடப்பட்ட பியானோ அரைச்சுரம் தாழ்ந்திருப்பது வழமை. பித்தளை ரீட் அப்படியல்ல. தொடாமல் விட்டால் பல தலைமுறைகளுக்குச் சுருதியைக் காத்து நிற்கும். ஆகவே ஓர்கனிலும் ஆர்மோனியத்திலும் மூலச்சுருதி ஒரு தடயம்.

எதிர்வாதங்களும் வலுவானவை. நாடகக்காரர் தம் குரலுக்கேற்ப ரீட்டைச் சுரண்டியிருப்பர். உப்புக்காற்றில் களிம்பேறினால் நாக்கின் பாரம் கூடிச் சுருதி இறங்கும். ஆனால் சுரண்டல் தழும்பை விட்டுச் செல்கிறது. நுனியில் கீறல் இருந்தால் சுருதி ஏற்றப்பட்டது. தறையடித்த அடிப்பகுதியில் கீறல் இருந்தால் இறக்கப்பட்டது. எல்லா ரீட்டுகளின் அடியிலும் ஒரே கையின் கீறல் காணப்பட்டால், உயர்சுருதியில் வந்த பெட்டியை யாரோ ஒருவர் பிற்காலச் சுருதிக்கு இறக்கியிருக்கிறார் என்று கருதலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் போதும். கையார்மோனியத்தில் ரீட் பாரிஸ், ஜேர்மனி, குஜராத்தின் பாலிதானா ஆகிய எவ்விடத்தது என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடலாம்.

வாடையும் சோளகமும்: நிலை பற்றிய கணிப்புகள்

நிலையை அளக்கும் அளவுகோல்கள் குளிர்நாட்டில் உருவானவை. அங்கே அறையைச் சூடாக்குவதால் மரம் காய்ந்து வெடிப்பதே பெரிய கவலை. தீவகத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும். பின்னர் மாதக்கணக்கில் வறட்சியும் சோளகமும். மரம் ஆண்டுதோறும் பருத்துச் சுருங்குகிறது. காற்றில் எப்போதும் உப்பு. ஆளில்லா வீட்டில் கறையான்.

குடியேற்ற நாடுகளுக்கென்று செய்த பியானோக்களில் மூட்டுகளைப் பித்தளைத் திருகாணியால் இறுக்கினர். மேலொட்டுப் பலகைக்குப் பதில் தேக்கை முழுமரமாக இட்டனர். கம்பளித் துண்டுகளைப் பசையோடு பித்தளை ஊசியாலும் பொருத்தினர். இவ்வாறு செய்தது வெப்பநாட்டில் அழியாது என்பது விற்றவர் வாதம். பெட்டியைப் பொறுத்தவரை அது சரி. தந்தியின் துருவையும் முறுக்காணித் துளை விரிவதையும் பித்தளைத் திருகாணி தடுப்பதில்லை. பளபளப்பான தேக்குப் பெட்டியைப் பார்த்து “நல்ல நிலை” என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் காரணத்தால்தான் ஆபத்தானது.

பியானோவின் உயிர்நிலை முறுக்காணிப் பலகை. இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள் இழுக்கும் மொத்த விசை, இரும்புச் சட்டமுள்ள வாத்தியத்தில், 15 முதல் 20 தொன் வரை செல்லும். ஆணியைத் துளை பிடித்து நிற்காவிடில் சுருதி சேர்த்த மறுவாரமே இறங்கிவிடும். ஆணிகள் சட்டத்தை முட்டுமளவுக்கு உள்ளே அடிக்கப்பட்டிருந்தால் அது முன்பே தளர்ந்ததற்கு அடையாளம். ஒலிப்பலகையின் வெடிப்புப் பற்றி இருவேறு கருத்து உண்டு. வெடிப்பு என்றாலே முடிந்தது என்று வியாபாரிகள் விலையைக் குறைப்பர். விலாக்கட்டையோடு பலகை ஒட்டி நிற்கும்வரை வெடிப்பால் ஒலி பெரிதாகக் கெடாது என்பர் திருத்துநர்கள். இரண்டாவது கருத்தே அனுபவத்தோடு பொருந்துகிறது. மரப்பூச்சி, கறையான் அரிப்பு வேறு. அது தெரிந்தால் மற்றெல்லாச் சோதனையும் பின்னுக்குப் போக வேண்டும்.

ஆர்மோனியத்தில் நிலை என்பது காற்று. துருத்தியை நிறைத்துவிட்டுக் கட்டை எதையும் அழுத்தாமல் விட்டால் அது மெல்ல அமர வேண்டும். உடனே விழுந்தால் தோலோ மூட்டோ கசிகிறது. தோலும் துணியும் மாற்றத்தக்கவை. உடைந்த ரீட்டுக்கு ஈடு தேடுவதே கடினம்.

எந்தப் பெறுமதி?

சந்தை விலை பற்றிய பொது நம்பிக்கை, வயது ஏற ஏற விலையும் ஏறும் என்பது. பியானோவில் இது பெரும்பாலும் பொய். வயலின் முதிர்ந்து சிறக்கலாம்; பியானோ தேயும் இயந்திரம். நூறாண்டு நிமிர் பியானோக்களை எடுத்துச் செல்ல ஆளின்றி ஐரோப்பாவில் குப்பைக்கு அனுப்புகிறார்கள். பெயர்பெற்ற தயாரிப்பாளரின் பெரிய பியானோக்களே விதிவிலக்கு.

இலங்கையில் விலையைத் தயாரிப்பாளர் பெயரைவிட நாட்டின் வரலாறே அதிகம் தீர்மானித்திருக்கிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது கையிலிருந்த பழைய வாத்தியத்துக்கு மாற்று இல்லை. திறந்த பொருளாதாரமும் மின்கீபோட்டும் வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. 1990களின் போர்க்கால இடப்பெயர்வுகள் மிச்சத்தைத் தீர்மானித்தன. 200 கிலோவுக்கு மேற்பட்ட நிமிர் பியானோவை எவரும் தூக்கிச் செல்ல முடியாது; கையார்மோனியத்தைச் சிலர் தூக்கிச் சென்றிருக்கலாம். தப்பியவை எவை என்பதற்கு எடை ஒரு காரணம்.

மதிப்பு என்பது சமூகத்தையும் பொறுத்தது. ஆர்மோனியம் நம் கமகத்துக்கு ஒவ்வாது என்ற கருத்து வலுத்து, அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் 1971 வரை அதை விலக்கி வைத்தது. கர்நாடக இசை கற்ற வீட்டில் அதன் மதிப்புத் தாழ்ந்தது. அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து இசை நாடக மேடையில் அதுவின்றிக் கொட்டகை எழவில்லை. ஒரே பெட்டிக்கு ஒரே ஊரில் இரு விலை.

அலோய்ஸ் ரீகல் என்ற வியன்னாக் கலை வரலாற்றாசிரியர் 1903இல் நினைவுச்சின்னங்களின் பெறுமதியைப் பிரித்துக் காட்டினார். பழமைப் பெறுமதி, வரலாற்றுப் பெறுமதி, பயன்பாட்டுப் பெறுமதி ஆகியவை வெவ்வேறானவை, ஒன்றோடொன்று மோதுபவை என்பது அவர் வாதம். சந்தையில் எதுவும் பெறாத கால் ஓர்கன் ஒரு ஊரின் பாடற்குழு வரலாற்றுக்கு ஒரே சாட்சியாக இருக்கலாம். தீவகத்து வாத்தியங்களை எடைபோட இந்தப் பகுப்பே பொருத்தமானது.

சட்டமும் பெறுமதியில் தலையிடுகிறது. ஆசிய யானை 1975இலும் ஆபிரிக்க யானை 1989இலும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இடம்பெற்றன. பிரித்தானியாவில் 2022 யூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், தந்த வர்த்தகத்தைத் தடைசெய்து, 1975க்கு முந்திய, ஐந்திலொரு பங்குக்கும் குறைவான தந்தமுள்ள இசைக்கருவிகளுக்குப் பதிவின்பேரில் விலக்களிக்கிறது. இலண்டனில் உள்ள பிள்ளை தாய்வீட்டுப் பியானோவை எடுப்பிக்க நினைத்தால் வயதுச் சான்று காகிதத்தில் வேண்டும். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாகக் கொள்வதால் இத்தகைய வாத்தியங்களை அது பெரும்பாலும் தொடாது. கலாசாரச் சொத்து ஏற்றுமதி பற்றி 1988இன் 73ஆம் இலக்கச் சட்டம் தனியே இருப்பதால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்டே அனுப்புவது நல்லது.

திருத்துவதா, விட்டுவைப்பதா?

வாசிக்காத வாத்தியம் செத்தது, எனவே திருத்து என்பது இசைஞர் கட்சி. திருத்தும் ஒவ்வொரு கையும் ஒரு சான்றை அழிக்கிறது என்பது பாதுகாப்பாளர் கட்சி. பின்னதற்குத் தலையாய உதாரணம் பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்தோபோரியின் 1720ஆம் ஆண்டு வாத்தியம். எஞ்சியுள்ள மூன்றில் மூத்ததான அது நியூயோர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1938இல் அதைத் திருத்தியவர்கள் ஒலிப்பலகையை மாற்றினார்கள். இன்று அது ஒலிக்கும். ஆனால் 1720இன் ஒலி அதில் இல்லை.

ஊரளவில் இருகட்சிக்கும் இடமுண்டு. பல பட்டறைகளில் ஒத்த பிரதிகள் உள்ள கையார்மோனியத்தைத் திருத்தி மேடையேற்றுவதால் இழப்புக் குறைவு. ஒரு தேவாலயத்தின் ஒரே பழைய ஓர்கனில் மூல ரீட்டையும் தோலையும் மாற்றுமுன் தயங்க வேண்டும். நூறாண்டுப் பியானோவை இன்றைய சுருதிக்கு ஒரே நாளில் இழுப்பது எந்தக் கட்சியின்படியும் தவறு; துருவேறிய தந்தி அறும், சட்டமும் பிளக்கக்கூடும்.

தீராதவை

தொழிற்சாலை ஆண்டைக் கண்டுபிடிக்கும் முறைகள் முதிர்ந்துவிட்டன. நிலையறியும் முறைகள் நம் காலநிலைக்கேற்பத் திருத்தப்பட வேண்டியவை, ஆயினும் அடிப்படை தெளிவு. தீராமல் நிற்பது வாத்தியம் ஊரில் வாழ்ந்த வரலாறு. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததோடும் இடப்பெயர்வுகளோடும் காகிதச் சான்றுகளில் பெரும்பகுதி போயிற்று. 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இல் தொடங்கிய இந்து சாதனம் போன்ற பத்திரிகைகளின் எஞ்சிய இதழ்களில் வியாபாரிகளின் விளம்பரங்களைத் தேடித் தொகுக்கும் வேலை செய்யத்தக்கது. மிஷன் அறிக்கைகளிலும் பங்குக் கணக்கேடுகளிலும் வாத்தியம் வாங்கிய வரி ஒன்று கிடைக்குமானால், அது எந்த இலக்கப் பட்டியலையும்விடப் பெறுமதியானது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. வாத்தியத்தை விற்பதற்கோ திருத்துவதற்கோ எரிப்பதற்கோ முன், உடைமையாளர் அதைத் திறந்து படம் எடுக்க வேண்டும்: பெயர்ப்பலகை, எண், கட்டைகளின் பக்கவாட்டு, ரீட்டின் கீறல்கள், சுருதி சேர்த்தவர் உள்ளே பென்சிலால் எழுதிய திகதிகள். யார் வாங்கினார், யார் வாசித்தார், எந்த இடப்பெயர்வில் எங்கே இருந்தது என்பதை ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒரு பிரதியும் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதியும் வைக்க வேண்டும். காரைநகரிலிருந்தே இதைத் தொடங்கலாம்.